ஆற்றில் படகு இறக்கும் சாய்தளம்: எந்தப் பொருளில் கட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொள்ளிடக் கரை, வெள்ளாற்று முகத்துவாரம், மேட்டூர் நீர்த்தேக்கம் என்று படகும் பரிசலும் ஓடுகிற இடங்களிலிருந்து வருகிறவர்கள் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஊராட்சித் தலைவர்கள், மீனவர் சங்கத்தார், சின்ன ஒப்பந்ததாரர்கள், வேலைக்குப் புதிதாக வந்த பொறியாளர்கள் என்று பலரும் கேட்டவை இவை. பெரும்பாலோர் "என்ன கிரேடு கான்கிரீட் போடலாம்?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். நான் அவர்களிடம் கேட்பது வேறு: "தண்ணீருக்குள் தளம் முடிகிற இடத்தில் என்ன போடப் போகிறீர்கள்?" நான் பார்த்தவரையில் கெட்டுப்போன சாய்தளங்கள் அநேகமாக எல்லாமே கீழ்முனையிலிருந்து கெட்டவை.

எங்கள் ஊரில் படித்துறை இருக்கிறதே, சாய்தளம் தனியாக எதற்கு?

படித்துறை மனிதர்கள் இறங்குவதற்கு. படியில் படகை இழுத்தால் ஒவ்வொரு படியின் விளிம்பும் அடிப்பாகத்தைக் கீறும். ஃபைபர் படகில் மேல்பூச்சு போய் உள்ளே இருக்கும் கண்ணாடி இழை வெளியே தெரிந்துவிட்டால், அந்த வழியாகத் தண்ணீர் ஊறி படகு வருடத்துக்கு வருடம் கனத்துக்கொண்டே போகும். இரண்டுக்கும் இடம் இருந்தால் சாய்தளத்தின் ஓரமாக ஒரு மீட்டர் அகலத்துக்குப் படி வைத்துவிடுங்கள். கூடை சுமந்து ஏறுகிற பெண்களுக்குச் சாய்வைவிடப் படியே பாதுகாப்பு.

பொருளைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்?

மூன்று விஷயம்: கோடையில் தண்ணீர் எதுவரை இறங்கும், வெள்ளத்தில் எதுவரை ஏறும், அப்போது எவ்வளவு வேகமாக ஓடும். முதல் இரண்டையும் கரையில் இருக்கிற பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். ஆலமரத்தையோ கோயில் மதிலையோ காட்டி "இதுவரை வந்தது" என்பார்கள். அதை லெவல் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்த இரண்டு மட்டங்களும் சாய்தளத்தை மூன்று துண்டாகப் பிரித்துவிடும். எப்போதும் காய்ந்திருக்கிற மேல் துண்டு, நனைந்து நனைந்து காய்கிற நடுத்துண்டு, எப்போதும் தண்ணீருக்குள்ளேயே கிடக்கிற கீழ்த்துண்டு. மூன்றுக்கும் ஒரே பொருள் வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மேலே கிராவல், நடுவில் அங்கேயே வார்த்த கான்கிரீட், கீழே முன்வார்ப்புப் பலகை, அதற்கும் கீழே கருங்கல் என்று நான்கு பொருள் சேர்ந்த சாய்தளம்தான் பல இடங்களில் சரியாக வரும்.

இடமும் முக்கியம். ஆறு வளைகிற இடத்தில் வெளிக்கரையில் கட்டினால் அடி அரிக்கும், உள்கரையில் கட்டினால் மணல் மூடும். நேராக ஓடுகிற பகுதியைப் பாருங்கள். சாய்தளத்தின் மூக்கு நீரோட்டம் போகும் திசையில் கொஞ்சம் திரும்பியிருந்தால் வண்டல் குறைவாகத் தங்கும், படகை ஒதுக்குவதும் சுலபம்.

சாய்வு எவ்வளவு இருக்கலாம்?

டிரெய்லரில் படகைக் கொண்டுவந்து இறக்குவதாக இருந்தால் 100 அடிக்கு 12 முதல் 15 அடி இறக்கம், அதாவது ஏறக்குறைய எட்டுக்கு ஒன்றிலிருந்து ஏழுக்கு ஒன்று. அதைவிடத் தட்டையாக இருந்தால் படகு மிதப்பதற்குள் வண்டியின் பின்சக்கரம் தண்ணீருக்குள் போய்விடும். செங்குத்தாக இருந்தால் ஈரத் தளத்தில் வண்டி ஏறாது. நம் ஊரில் பெரும்பாலும் கையால் இழுக்கிறார்கள். ஆட்கள் இழுப்பதாக இருந்தால் பத்துக்கு ஒன்று வரை தட்டையாக வைத்துக்கொள்ளலாம். முழு நீளத்துக்கும் ஒரே சாய்வாக வையுங்கள். நடுவில் சாய்வு மாறினால் படகின் நடுப்பாகம் அந்த முறிவில் தட்டும்.

கான்கிரீட் என்றால் எந்த கிரேடு?

ஆற்று நன்னீர் என்றால் எம்30 (எம் பக்கத்து எண் கூடினால் கான்கிரீட்டின் வலிமை கூடும்). இது என் விருப்பம் மட்டும் இல்லை. கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 456, நனைந்து காயும் இடத்தைக் 'கடுமையான' சூழல் என்று வகைப்படுத்துகிறது. கம்பி போட்ட கான்கிரீட்டாக இருந்தால் அதற்குக் குறைந்தது எம்30, நீர்–சிமென்ட் விகிதம் 0.45-க்கு மேல் போகக் கூடாது, ஒரு கன மீட்டருக்கு 320 கிலோவுக்குக் குறையாத சிமென்ட், கம்பிக்கு மேல் 45 மி.மீ. கான்கிரீட் மூடல், அதாவது கவர்.

"எம்20 போட்டால் மிச்சம்தானே?" என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 4 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம், 15 செ.மீ. கனம் என்றால் மொத்தம் 12 கன மீட்டர். எம்20-க்கும் எம்30-க்கும் இடையே கன மீட்டருக்கு ஒரு மூட்டை, ஒன்றரை மூட்டை சிமென்ட்தான் வித்தியாசம். முழு வேலைக்கும் 12 முதல் 18 மூட்டை. பக்கத்தில் வைக்கிற பெயர்ப்பலகைச் சுவருக்கு இதைவிட அதிகம் செலவழித்த ஊர்களை எனக்குத் தெரியும்.

கிரேடைவிடத் தண்ணீரில்தான் வேலை கெடுகிறது. கலவை கெட்டியாக இருக்கிறது என்று மேஸ்திரி ஒரு குடம் ஊற்றுவார். சாய்வில் போடுகிற கான்கிரீட் தளர்வாக இருந்தால் வைப்ரேட்டர் பட்டதும் கீழ்நோக்கி வழியும், மேலே கனம் குறையும், கீழே குவியும். கலவையின் தளர்வைக் காட்டும் ஸ்லம்ப் அளவு 50–75 மி.மீ. போதும். கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டே வாருங்கள். கலவை தளர்ந்துதான் வேண்டும் என்றால் கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் மருந்து சேர்க்கலாம், தண்ணீர் சேர்க்கக் கூடாது.

முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறோம். அதே எம்30 போதாதா?

போதாது. கடல் ஏற்றவற்று வந்து போகிற மட்டத்தில் இருக்கும் கான்கிரீட்டை அதே ஐஎஸ் 456 'மிகத் தீவிரம்' என்ற கடைசி வகையில் வைக்கிறது. எம்40, விகிதம் 0.40, சிமென்ட் 360 கிலோ, கவர் 75 மி.மீ. வற்றத்தில் கான்கிரீட் காயும்போது நுண்துளைகளில் உப்பு தங்கிவிடும். அடுத்த ஏற்றத்தில் இன்னும் கொஞ்சம் உள்ளே போகும். ஒரு நாளைக்கு இரண்டு தடவை இது நடக்கிறது. உப்பு கம்பியைத் தொட்டதும் துரு பிடிக்கும். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அது நெருக்குவதில்தான் கான்கிரீட் பாளம் பாளமாகப் பெயர்கிறது.

இங்கே சாதாரண போர்ட்லண்ட் சிமென்டான ஓபிசியைவிடக் கசடு சிமென்ட் என்கிற பிஎஸ்சியோ, சாம்பல் கலந்த பிபிசியோ நல்லது. இவற்றில் உப்பு உள்ளே போகிற வேகம் குறைவு. பதிலுக்கு இவை கூடுதல் நாள் தண்ணீர் கேட்கும், குறைந்தது 10 நாள். வெயில் காலத்தில் 14 நாள் ஈரச்சாக்கு போட்டு வையுங்கள். 'சல்பேட் ரெசிஸ்டிங்' சிமென்ட் என்று எழுதியிருக்கிறதே என்று கடைக்காரர் சொல்வதைக் கேட்டு அதை வாங்கிவிடாதீர்கள். அது சல்பேட்டுக்கானது, குளோரைடு கம்பியை அரிப்பதற்கு அது மருந்து இல்லை.

அப்புறம், முகத்துவாரத்து மணலை அள்ளிக் கலவையில் போடவே போடாதீர்கள். பக்கத்து போர்வெல் தண்ணீரையும் சோதிக்காமல் ஊற்றக் கூடாது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மி.கிராம் வரைதான் குளோரைடு இருக்கலாம். கடலோரத்து போர்வெல் பலவும் அதைத் தாண்டும். டேங்கரில் நல்ல தண்ணீர் கொண்டுவருவதுதான் வழி.

கம்பியே இல்லாமல் கட்ட முடியுமா?

முடியும், உப்புத் தண்ணீரில் அதைத்தான் நான் முதலில் யோசிப்பேன். துருப்பிடிக்கிற பொருளே உள்ளே இல்லை என்றால் பாதிப் பிரச்சினை இல்லை. 20 செ.மீ. கனமாக, மூன்று மூன்று மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, நல்ல அடித்தளத்தின் மேல் போட்ட பிசிசி, அதாவது கம்பியில்லாத கான்கிரீட், கையால் இழுக்கிற படகுகளுக்குத் தாராளமாகப் போதும். லாரியோ டிராக்டரோ இறங்கும் என்றால் கம்பி வேண்டும். கண்ணாடி இழைக் கம்பி இப்போது கிடைக்கிறது. துருப்பிடிக்காது, எடை குறைவு. ஆனால் வேலை நடக்கிற இடத்தில் வளைக்க முடியாது, வளைவுகளைத் தொழிற்சாலையிலிருந்தே அப்படியே வாங்க வேண்டும். எபாக்சி பூசிய கம்பியில் எனக்கு நம்பிக்கை குறைவு. இறக்கும்போதும் கட்டும்போதும் கீறல் விழாமல் நம் வேலையிடங்களில் பார்த்ததில்லை, அந்தக் கீறலில்தான் துரு ஆழமாக இறங்கும்.

தண்ணீருக்குள் இருக்கிற பகுதியில் கான்கிரீட் எப்படிப் போடுவது?

இரண்டு வழி. ஒன்று, மணல் மூட்டையும் சவுக்குக் கட்டையும் வைத்து வளைத்துக் கட்டி, மோட்டார் போட்டு இறைத்து, காய்ந்த தரையில் போடுவது. கோடையில் கொள்ளிடம் போன்ற ஆற்றில் இது சுலபம். ஆழமான மணலில் ஊற்று அடியிலிருந்து பொங்கிக்கொண்டே இருக்கும் என்பதால் தரையைவிடக் கீழே ஒரு குழி தோண்டி, அதிலிருந்து இறைத்தால்தான் மேலே காயும்.

இரண்டாவது, முன்வார்ப்புப் பலகை. கரையில் வார்த்து, ஈரமாக வைத்து இறுகவிடும் கியூரிங் முடித்து, தண்ணீருக்குள் வரிசையாக அடுக்குவது. 4 மீட்டர் நீளம், 40 செ.மீ. அகலம், 15 செ.மீ. கனத்தில் ஒரு பலகை சுமார் 600 கிலோ வரும். ஹைட்ரா கிரேன் வைத்து இறக்கலாம். பலகைக்கும் பலகைக்கும் நடுவே இரண்டு மூன்று செ.மீ. இடைவெளி விட்டு, ஸ்டெயின்லெஸ் போல்ட்டாலோ வடத்தாலோ ஒன்றோடொன்று பிணைத்துவிட வேண்டும். அந்த இடைவெளி வீணில்லை. அடியிலிருக்கும் தண்ணீர் அதன் வழியாக மூச்சு விடும், காலுக்கும் பிடி கிடைக்கும். தரை கொஞ்சம் அமிழ்ந்தால் முழுத் தளமும் உடையாமல் பலகைகள் மட்டும் சேர்ந்து வளைந்துகொடுக்கும். அமெரிக்காவில் இன்னொரு முறையும் உண்டு. கரையிலேயே சாய்வில் முழுத் தளத்தையும் வார்த்து, இறுகியதும் புல்டோசரால் அப்படியே ஆற்றுக்குள் தள்ளிவிடுவார்கள். இங்கே அதற்கு ஏற்ற இடமும் இயந்திரமும் ஒன்றுசேர அமைவது கஷ்டம்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு. ஓடுகிற தண்ணீரில் கலவையைச் சட்டியில் அள்ளிக் கொட்டுவது. சிமென்ட் பால் போலக் கரைந்து போய்விடும், கீழே கிடப்பது வெறும் ஜல்லி. வேலை முடிந்த மாதிரிதான் தெரியும்.

பேவர் பிளாக் மலிவாக இருக்கிறது, அதைப் பதிக்கலாமா?

வெள்ளம் எட்டாத மேல் பகுதியில் தாராளமாக. தண்ணீர் ஓடுகிற இடத்தில் வேண்டாம். ஒரு பேவர் மூன்று நான்கு கிலோ. ஓடும் நீரைத் தாங்கி நிற்கத் தேவையான கல்லின் எடை, நீரின் வேகத்தைப் பொறுத்து ஆறாம் மடியில் உயரும். சுலபமாகச் சொன்னால், வேகம் இரட்டிப்பானால் 64 மடங்கு கனமான கல் வேண்டும். ஓரத்தில் ஒரு பேவர் கிளம்பினால் பக்கத்துப் பேவருக்குப் பிடிமானம் போய்விடும். காலையில் வந்து பார்த்தால் மணல் மட்டும்தான் இருக்கும்.

தார்?

வேண்டாம். தாரும் ஜல்லியும் ஒட்டியிருக்கிற பிடியைத் தண்ணீர் விலக்கிவிடும். ஈரத்தில் உருளை ஓட்டி இறுக்கவும் முடியாது. அணுகுசாலைக்கு மட்டும் சரி.

பழைய மாதிரி கருங்கல் பாவினால் என்ன?

நல்ல யோசனை, ஆனால் எங்கே என்பதைப் பொறுத்தது. நம் ஊர்க் கருங்கல்லுக்கு உப்பும் ஒன்றும் செய்யாது, வெள்ளமும் ஒன்றும் செய்யாது. பக்கவாட்டுக் கரைக்கும் கீழ்முனைக்கும் அதற்கு ஈடு கிடையாது. படகு ஏறுகிற பாதையில்தான் தொல்லை. குத்துக்கல்லாக இருந்தால் படகைக் கீறும். கொத்திச் சமப்படுத்திப் பதித்தால் நான்கைந்து வருடத்தில் கால் பட்டுப் பட்டு மழமழவென்றாகிவிடும், பாசி படிந்ததும் நிற்க முடியாது. கருங்கல்லில் பாவுவதென்றால் மேற்பரப்பைச் சிற்றுளியால் கோடு கோடாகக் கொத்தச் சொல்லுங்கள். கூலி கூடும், ஆனால் அந்தத் துறை பேரன் காலம்வரை நிற்கும். செம்பாறாங்கல் மலிவாகக் கிடைக்கிற இடங்களில் அதைக் கேட்பார்கள். தண்ணீரில் ஊறி, சக்கரம் ஏறினால் கரையும். வேண்டாம்.

வெறும் கிராவல் கொட்டி இறுக்கினால் போதாதா? பணம் குறைவு.

பரிசலும் சின்ன நாட்டுப்படகும் மட்டும் இருந்து, ஆறு மெதுவாக ஓடுகிற இடமாக இருந்தால் போதும். கூர்மையான உடைகல் ஜல்லி இறுகும், உருண்டைக் கூழாங்கல் காலடியில் உருளும். வருடா வருடம் வெள்ளம் வடிந்ததும் ஒரு டிராக்டர் லோடு போட்டுச் சரிசெய்ய ஊர் தயாராக இருக்க வேண்டும். அந்த ஒழுங்கு இருக்கிற ஊரில் கிராவல் கேவலமான பொருள் இல்லை.

கீழ்முனை, கீழ்முனை என்கிறீர்களே, அங்கே என்னதான் நடக்கிறது?

ஓடுகிற தண்ணீர் கடினமான ஒன்றில் மோதினால், அதன் விளிம்பில் சுழலும். சுழல் மணலைத் தோண்டும். எஞ்சினை வேகமாக முடுக்கிப் படகைக் கரையேற்றினால் அந்த நீர்வீச்சும் சரியாக அந்த இடத்தில்தான் அடிக்கும். தளத்தின் அடியிலிருந்து மணல் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறும். மேலே ஒன்றும் தெரியாது.

இதை நான் கற்றுக்கொண்டது ஒரு தவறிலிருந்துதான். பல வருடங்களுக்கு முன் டெல்டாவில் ஒரு கிராமத்தில் நான் மேற்பார்வை பார்த்த சாய்தளம். மேலே அகலமான தளம், கைப்பிடி, விளக்குக் கம்பம் எல்லாம் வைத்தோம். கீழே வெறும் 45 செ.மீ. ஆழத்துக்கு ஒரு டோ வால், அதாவது முனைச்சுவர். முதல் வெள்ளம் வடிந்ததும் பார்க்கப் போனேன். ஒரு விரிசல்கூட இல்லை, எனக்குச் சந்தோஷம். கூட வந்த பையன் ஒருவன் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, துடுப்பைத் தளத்துக்கு அடியில் செருகினான். முக்கால் துடுப்பு உள்ளே போயிற்று. பிறகு மேலே குதிகாலால் உதைத்துக் காட்டினான். பறை மாதிரி கேட்டது. அடுத்த வெள்ளத்தில் கடைசிக் கட்டம் இரண்டாக முறிந்து கீழே தொங்கியது. மேலே வைத்த கைப்பிடி மட்டும் அப்படியே இருந்தது.

2018 ஆகஸ்டில் மேட்டூரிலிருந்து விநாடிக்கு 2 லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிடப்பட்டபோது, திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன. அதே மாதம் முக்கொம்பு மேலணையில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. பெரிய கட்டுமானங்களையே அசைக்கிற ஆற்றில் நாம் கட்டுவது ஒரு சின்ன கான்கிரீட் பலகை. அதை எண்ணித்தான் கட்ட வேண்டும்.

சரி, கீழ்முனைக்கு என்ன செய்வது?

முதலில், தளம் தாழ்நீர் மட்டத்தோடு முடியக் கூடாது. அதற்கும் கீழே குறைந்தது ஒரு மீட்டர் ஆழம் வரை போக வேண்டும். முனையில், அடியிலிருந்து மணல் வெளியேறாமல் தடுக்கும் கட்-ஆஃப் சுவர், மணல் தரையில் ஒன்றிலிருந்து ஒன்றரை மீட்டர் ஆழத்துக்கு. அதற்கு முன்னால் கருங்கல் விரிப்பு.

இந்த விரிப்பைத்தான் நான் அதிகம் வலியுறுத்துவேன். மூன்று நான்கு மீட்டர் அகலத்துக்கு, ஒவ்வொன்றும் 40 கிலோவுக்குக் குறையாத கல்லாக, இரண்டு அடுக்கு. 40 கிலோ என்றால் பக்கத்துக்கு 25 செ.மீ. இருக்கிற கல். வேகம் அதிகமான இடத்தில் 75 கிலோ, 100 கிலோ வரை போகலாம். சிமென்ட் பூசி இறுக்கிவிடாதீர்கள், கல் தளர்வாகவே கிடக்கட்டும். ஆறு முன்னால் தோண்டும்போது ஓரக்கல் அந்தப் பள்ளத்துக்குள் தானாக உருண்டு சரிவைப் போர்த்திவிடும். அதோடு அரிப்பு நிற்கும். சிமென்ட் பூசினால் கல் இறங்காது, பாலம் போல அந்தரத்தில் நின்று ஒரேயடியாக உடையும்.

கல்லணையின் பழைய உடலைப் பற்றிப் படித்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. அடி காணாத மணலில் கல்லைப் போட்டு, அமிழ அமிழ மேலே கல் அடுக்கி, இடையில் களிமண் இட்டுத்தான் அது எழுந்தது. 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் காவிரியில் வேலை செய்தபோது, மணலில் அடித்தளம் போடுகிற வித்தையை அதிலிருந்துதான் கற்றுக்கொண்டார். அமிழ்கிற மணலில் அமிழ விடுகிற பொருளே நிற்கும்.

பெரிய கல் கிடைக்காவிட்டால் கேபியன் பெட்டி. சின்னக் கல்லைக் கம்பி வலைக்குள் அடைத்துப் பெரிய கல்லாக்குவதுதான் அது. உப்புத் தண்ணீரில் வெறும் கால்வனைஸ்டு வலை தாங்காது, பிவிசி உறை போட்டதாக வாங்குங்கள். படகின் அடி உரசுகிற இடத்தில் கேபியன் வேண்டாம், அறுந்த கம்பி காலையும் கிழிக்கும் படகையும் கிழிக்கும்.

தளத்துக்கு அடியில் துணி விரிக்கச் சொல்கிறார்கள், தேவையா?

கட்டாயம். கல்லுக்கும் தளத்துக்கும் அடியில் நெய்யாத ஜியோடெக்ஸ்டைல் துணி விரித்தால் தண்ணீர் வெளியேறும், மணல் வெளியேறாது. அதன்மேல் 15 செ.மீ. ஜல்லி. இது இல்லாவிட்டால் இன்னொரு ஆபத்தும் உண்டு. வெள்ளம் திடீரென்று வடியும்போது கரைக்குள் ஊறிய தண்ணீர் அதே வேகத்தில் வடியாது. தளத்துக்கு அடியில் நின்று மேல்நோக்கித் தள்ளும். கான்கிரீட் தண்ணீருக்குள் இருக்கும்போது எடையில் ஐந்தில் இரண்டு பங்கை இழந்திருக்கும் என்பதால் தூக்கிவிடுவது சுலபம். பிளாஸ்டிக் தார்ப்பாய் விரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது தண்ணீரையும் அடைத்துவிடும், நிலைமை இன்னும் மோசமாகும்.

பாசி வழுக்குகிறது, ஆட்கள் விழுகிறார்கள். மேற்பரப்பு எப்படி இருக்க வேண்டும்?

துடைப்பம் போட்டு இழுத்த கோடு சாலைக்குச் சரி. தண்ணீர் மட்டத்தில் ஒரு பருவத்திலேயே பாசி அதை நிரப்பிவிடும். கான்கிரீட் பச்சையாக இருக்கும்போதே 25 மி.மீ. ஆழத்துக்கு 'வி' வடிவப் பள்ளங்கள் அழுத்துங்கள். அவை தளத்துக்குக் குறுக்கே நேர்கோடாக இருக்கக் கூடாது. நடுவிலிருந்து இரண்டு பக்கமும் சரிந்து இறங்குகிற மீன்முள் வடிவம் வேண்டும். அப்போதுதான் வண்டலும் தண்ணீரும் ஓரமாக வடியும், பள்ளம் அடையாது. ஆங்கிள் இரும்பைப் பலகையில் வரிசையாகப் பற்றவைத்து ஒரு அச்சு செய்துகொண்டால் இரண்டு ஆள் மிதித்தே அழுத்திவிடலாம்.

டைல்ஸ், மொசைக், பளபளப்பாகத் தேய்த்த சிமென்ட்பால் எதுவும் வேண்டாம். பெயின்டும் வேண்டாம். பாசியைக் கம்பி பிரஷ்ஷாலும் அழுத்த நீராலும் எடுங்கள். பிளீச்சிங் பவுடரை ஆற்றில் கொட்டினால் மீன்குஞ்சுகள் சாகும். படகு இறக்குவதே அந்த மீனை நம்பித்தான்.

பரிசலுக்குக் கான்கிரீட் ஆகாது என்கிறார்களே?

உண்மைதான். பரிசலின் அடி மூங்கில் பின்னல், அதன்மேல் தார் பூசிய பிளாஸ்டிக் சாக்கு. முன்பு தோல் இருந்தது. சொரசொரப்பான கான்கிரீட்டில் இரண்டு தடவை இழுத்தால் தார் உரிந்து மூங்கில் தெரியும். ஒகேனக்கல் பக்கம் பரிசலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போவதைப் பார்த்திருப்பீர்கள். பரிசல் துறையில் ஓரமாக ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு மணலோ புல்லோ விட்டுவிடுங்கள். கான்கிரீட்டின் நடுவே பழைய டயரை வெட்டிப் பதித்த ஒரு வரியும் நன்றாக உழைக்கும். ஃபைபர் படகுக்கும் அந்த ரப்பர் வரி நல்லது.

மரம், இரும்பு?

நன்னீரில் வைரம் பாய்ந்த பனங்கட்டையைக் குறுக்கே பதித்து அதன்மேல் படகைச் சறுக்கவிடுவது பழைய வழக்கம். செலவில்லாத வழி, மாற்றுவதும் சுலபம். உவர்நீரில் மரத்தைத் துளைக்கும் புழு சீக்கிரமே சல்லடையாக்கிவிடும். இரும்புத் தகடு நனைந்தால் வழுக்கும், வெயிலில் சுடும், முகத்துவாரத்தில் அரித்துப்போகும்.

நீர்த்தேக்கத்தில் தண்ணீர் அறுபது எழுபது அடி இறங்குகிறதே, அங்கே?

மேட்டூரின் முழு மட்டம் 120 அடி. வறண்ட வருடத்தில் பண்ணவாடிப் பக்கம் மூழ்கிக் கிடந்த கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரிகிற அளவுக்கு இறங்கும். எட்டுக்கு ஒன்று சாய்வில் 60 அடி இறக்கத்துக்கு 480 அடி நீளத் தளம் வேண்டும். யாராலும் கட்ட முடியாது, கட்டவும் தேவையில்லை. ஆண்டில் அதிக நாள் தண்ணீர் நிற்கிற மட்டத்தைப் பதிவேட்டிலிருந்து எடுத்து, அந்த இடத்துக்கு மட்டும் கான்கிரீட் போடுங்கள். அதற்குக் கீழே இறுக்கிய ஜல்லிப் பாதை போதும். அங்கே ஆற்று வேகம் இல்லை, அலை மட்டும்தான்.

எந்த மாதத்தில் வேலை ஆரம்பிக்கலாம்?

காவிரி, கொள்ளிடத்தில் பிப்ரவரி முதல் மே வரை. ஜூன் 12 மேட்டூர் திறக்கிற வழக்கமான நாள், அதற்கு முன்பே கீழ்முனை முடிந்து கல்விரிப்பும் போட்டாகியிருக்க வேண்டும். மேலே பாக்கி இருந்தால் பரவாயில்லை. ஏப்ரல், மே வெயிலில் சாயங்காலம் வார்க்கத் தொடங்குங்கள். நம் கிழக்குக் கடற்கரையில் ஏற்றவற்று வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான் என்பதால், முகத்துவாரத்தில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய வற்றத்தில் சில மணி நேரம் நல்ல வேலை எடுக்கலாம்.

அனுமதி யாரிடம்?

ஆற்றுக்கரை என்றால் நீர்வளத் துறை. மீனவர் பயன்பாட்டுக்கு என்றால் மீன்வளத் துறையிடமும் பேசுங்கள், திட்டத்தில் சேர்க்க வாய்ப்பிருக்கும். கடல் ஏற்றம் எட்டுகிற ஆற்றுப்பகுதி கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளுக்குள் வரும். கல் கொட்டுவதற்கு முன்பே இவற்றை முடித்துவிடுங்கள்.

பழைய சாய்தளம் விரிசல் விட்டிருக்கிறது. மேலே இன்னொரு அடுக்கு கான்கிரீட் போட்டால் சரியாகிவிடுமா?

முதலில் ஒரு கடப்பாரையை எடுத்துக்கொண்டு போங்கள். கீழிருந்து மேலாக, இரண்டடிக்கு ஓரிடம் தட்டிக்கொண்டே வாருங்கள். கெட்டியாக 'டக்' என்று கேட்டால் அடியில் மண் இருக்கிறது. 'டொம்' என்று கேட்கிற இடத்தையெல்லாம் சுண்ணாம்பால் வட்டம் போடுங்கள். வட்டங்கள் கீழ்முனையில் கூடியிருந்தால் மேலே எத்தனை அடுக்கு போட்டாலும் கனம்தான் கூடும், சீக்கிரம் உடையும். முனைக்கு முன்னால் கல் விரித்து மணல் வெளியேறும் வழியை அடைத்துவிட்டு, வட்டம் போட்ட இடங்களில் துளையிட்டு, தளர்வான சிமென்ட்–மணல் கலவையைப் பக்கத்துத் துளையில் எட்டிப்பார்க்கும்வரை இறக்குங்கள். ஒரு வாரம் கழித்து அதே கடப்பாரையால் அதே வட்டங்களைத் தட்டிப் பாருங்கள். ஓசை மாறியிருந்தால் அதற்குப் பிறகு விரிசலை அடைக்கலாம்.